ஏஐ எங்கள் பக்கத்துக்கு வேண்டுமா? பரந்தன் கடை மேசையிலிருந்து

2024 டிசெம்பர் 7, விசுவமடுவிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

ரியூசன் வாத்தியார் பிள்ளைகளுக்கு ஏஐ, அதாவது செயற்கை நுண்ணறிவு, பாவிக்கக் காட்டிக் கொடுக்கிறார். அதைச் செய்த ஆட்களே உலகத்தை அழிக்கும் என்று சொல்கிறார்கள். போர் முடிந்து நாங்கள் இப்போதுதான் கொஞ்சம் மூச்சு விடுகிறோம். இது எங்களுக்கு எதற்கு?

2024 டிசெம்பர் 8

பயப்படாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. ஏஐயின் முன்னோடிகளில் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டன் 2023 மே மாதம் கூகுளை விட்டு விலகி, இந்த ஆபத்தைப் பற்றி வெளிப்படையாகக் கதைக்கத் தொடங்கினார். அதே மாதம் 30ஆம் திகதி இந்தத் துறையின் பெரிய ஆட்கள் நூற்றுக்கணக்கானோர் ஒற்றை வசன அறிக்கை ஒன்றில் கையெழுத்துப் போட்டார்கள். ஏஐயால் மனித இனம் அழியக்கூடிய ஆபத்தைப் பெருந்தொற்று, அணுவாயுதப் போர் ஆகியவற்றுக்குச் சமமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

இந்த ஒக்டோபரில் ஹின்டனுக்குப் பௌதிகவியல் நோபல் கிடைத்தது. மறுநாள் இரசாயனவியல் நோபலில் பாதி, புரதங்களின் வடிவத்தை ஏஐ கொண்டு கணித்த டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜோன் ஜம்பருக்கும் போனது. மருந்து தேடுகிறவர்களுக்கு அது பெரிய உதவி. பயமும் பயனும் ஒரே கிழமையில் ஒரே மேடைக்கு வந்தன என்றுதான் நான் அதைப் பார்த்தேன்.

நான் இலங்கையின் வடக்கே, பரந்தன் சந்திக்குக் கிட்ட போட்டோக்கொப்பிக் கடை நடத்துகிறேன். பன்னிரண்டு வருடமாகிறது. உலகம் அழியுமா என்று கேட்டு என் மேசைக்கு யாரும் வந்ததில்லை. கடிதம், காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பழைய படம், இவைதான் வரும். கடந்த ஒன்றரை வருடமாக இந்த வேலைகளுக்குள்ளே ஏஐயும் வந்துவிட்டது. அதில் நான் கண்டதைச் சொல்கிறேன்.

2024 டிசெம்பர் 9

முதலில் கடிதம். பதின்மூன்றாவது திருத்தத்தோடு 1987இல் தமிழும் அரச கரும மொழியானது. இருந்தும் எங்கள் ஆட்களுக்குச் சிங்களத்தில் கடிதம் வருவது நிற்கவில்லை. முன்பு அதை மடித்துப் பொலித்தீன் பையில் வைத்துக்கொண்டு சிங்களம் தெரிந்தவரைத் தேடிப் போவார்கள். அவர் வீட்டில் இல்லையென்றால் நாளைக்கு. நாளைக்கும் இல்லையென்றால் அடுத்த கிழமை.

கூகுள் மொழிபெயர்ப்பில் 2011இல் தமிழும் 2014இல் சிங்களமும் சேர்ந்தன. ஆரம்பத்தில் அது தந்த தமிழை வாசித்தால் தலை சுற்றும். இப்போது போனில் படம் எடுத்துப் போட்டால் இரண்டு நிமிடத்தில் விளங்கக்கூடிய தமிழ் வருகிறது.

போன மாதம் தருமபுரத்துப் பக்கமிருந்து ஒரு ஐயா வந்தார். காணி விடயமாகக் கடிதம். நான் போட்டுப் பார்த்தேன். "14 நாட்களின் பின்னர் சமுகமளிக்கவும்" என்று வந்தது. ஐயாவுக்குச் சந்தோசம். அதற்குள் வெட்டு முடித்துவிடலாம் என்றார். எனக்கு என்னவோ மனம் கேட்கவில்லை. வவுனியாவில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அந்தப் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் உடனே எடுத்துச் சொன்னார்: "அக்கா, பின்னர் இல்லை. 14 நாட்களுக்குள்." கடிதத்தில் இருந்த திகதியைப் பார்த்தால் ஐந்து நாள்தான் மிச்சம்.

2024 டிசெம்பர் 9, இரவு

ஒரு பிழை விட்டுவிட்டேன். வெட்டு என்று எழுதினேன், அப்போது வெட்டு இல்லை. ஐயா சொன்னது விதைப்பு. மன்னிக்கவும்.

2024 டிசெம்பர் 11

"அப்படியென்றால் பாவிக்காமலே விடலாமே" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். இல்லை. அது இல்லாவிட்டால் அந்தக் கடிதம் ஒரு கிழமை பைக்குள்ளேயே கிடந்திருக்கும். ஏஐ தந்தது பிழையான ஒரு சொல்லோடு கூடிய கடிதம். ஆனால் இது காணிக் கடிதம், இதில் ஒரு திகதி இருக்கிறது, கவனமெடு என்பதை அதுதான் எனக்குச் சொன்னது. வவுனியாக்காரரை எழுப்பியதும் அதுதான். இரண்டும் சேர்ந்துதான் ஐயாவின் காணி தப்பியது.

2024 டிசெம்பர் 29

தம்பி பெரும்போகத்துக்கு மூன்று ஏக்கர் விதைத்திருக்கிறான். நெல் குடலைப் பருவம். வயலில் அங்கங்கே வட்டமாக மஞ்சள் அடித்தது. அவனுடைய மூத்த மகன் வரம்பில் நின்று படம் எடுத்து ஏஐயிடம் கேட்டான். நைதரசன் குறைபாடாக இருக்கலாம், யூரியா போடுங்கள் என்றது. வீட்டில் யூரியா ஒரு பை இருந்தது.

நல்ல காலம், பக்கத்து வயல்காரர் வந்தார். எழுபது வயது இருக்கும். சேற்றில் இறங்கி, அந்த மஞ்சள் வட்டத்தின் ஓரத்தில் குனிந்து, பயிரின் அடியைக் கையால் தட்டினார். தண்ணீர் மேல் கபில நிறத்தில் பொடிப்பொடியாகத் துள்ளி விழுந்தன. "அறக்கொட்டி" என்றார். அவ்வளவுதான்.

விவசாயம் செய்கிறவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. அறக்கொட்டிப் பூச்சி அடித்தண்டில் இருந்துதான் சாறு உறிஞ்சும். மேலே நின்று எடுத்த படத்தில் தெரியாது. அந்த நேரம் யூரியா கொட்டினால் பயிர் இன்னும் கொழுத்து, பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

2024 டிசெம்பர் 30

நேற்று எழுதியதைத் தம்பியின் மகன் வாசித்துவிட்டுக் கோபித்தான். நியாயம்தான். பிறகு அவன் அடித்தண்டைப் படம் எடுத்துப் போட்டபோது ஏஐ சரியாகச் சொன்னதாம். தண்ணீரை வடித்து விடச் சொன்னதாம். விவசாயப் போதனாசிரியரும் அதையேதான் சொன்னார். ஆக, முதல் படத்தில் இருந்ததற்குத்தான் அது பதில் சொன்னது. எங்கே குனிய வேண்டும் என்பது அதற்குத் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. இப்போது அவனுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018இல் உணவு விவசாய அமைப்பும் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகமும் சேர்ந்து நுரு என்ற செயலியைக் கொண்டுவந்தன. ஆபிரிக்காவில் சோளத்தைத் தின்ற படைப்புழுவை அடையாளம் காண. சிக்னல் இல்லாத இடத்திலும் போனுக்குள்ளேயே வேலை செய்யும். அதே வருடக் கடைசியில்தான் அந்தப் புழு எங்கள் நாட்டுக்கும் வந்து, சேனா என்று பெயர் வாங்கியது. ஒரு போதனாசிரியருக்கு எத்தனை கிராமம் என்று உங்களுக்குத் தெரியும். அவர் வரும் வரைக்கும் இப்படி ஒன்று கையில் இருந்தால் எவ்வளவோ நல்லது.

2025 ஜனவரி 4

"மெசின் விவசாயம் சொல்லித் தந்தால் நாடு நாசமாகும்" என்று ஒருவர். நான் நினைத்துப் பார்த்தது இது: 2021 மே மாதம் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தியவர்கள் மனிதர்கள். கமக்காரரிடம் கேட்கவில்லை. நவம்பரில் தடையை எடுத்தார்கள், அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. அந்தப் போகத்தில் தம்பியின் வயல் மஞ்சளாக நின்றதை நான் மறக்க மாட்டேன். எனக்குப் பயம் மெசினா மனிதரா என்பதில் இல்லை. வயலில் நிற்பவனிடம் கேட்காமல் முடிவெடுப்பதில்தான்.

2025 ஜனவரி 19

ஏஐ செய்யும் குரல் பற்றிய விடயம். இதற்காகத்தான் நான் இரவில் யோசிக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு குறைவு. கிழமைக்கு ஒருதரம் வரும் அந்தக் குரல்தான் பல அம்மாமாருக்குப் பிள்ளை. போன வெள்ளி ஒரு அம்மா செருப்பும் போடாமல் கடைக்கு ஓடி வந்தார். பிரான்சில் இருக்கும் மகன் அழுகிறானாம், பொலிஸ் பிடித்துவிட்டதாம், ஒரு கணக்கு இலக்கம் தந்து உடனே காசு போடச் சொன்னானாம். "அவன்ரை குரல்தான் பிள்ளை, எனக்குத் தெரியாதா?"

திருப்பி எடுங்கள், இடம்பெயர்ந்தபோது கூட்டிக்கொண்டு போன நாயின் பெயர் என்ன என்று கேளுங்கள் என்றேன். கேட்டார். அந்தப் பக்கம் கட் ஆகிவிட்டது. பிறகு மகனின் பழைய இலக்கத்துக்கு எடுத்தோம். அவன் வேலையில் நின்றான். அம்மா அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

2025 ஜனவரி 20

நேற்று இதை ஏஐ குரல் என்ற மாதிரி எழுதிவிட்டேன். யோசித்தால், வெறும் அழுகையும் இரைச்சலுமாக யாரோ நடித்தும் இருக்கலாம். அந்த ஏமாற்று எங்களுக்குப் பழையது. ஆனால் பேஸ்புக்கில் போட்ட ஒரு சின்ன வீடியோவில் இருந்தே ஒருவரின் குரலைச் செய்யலாம் என்பது இன்றைக்கு உண்மை. ஹொங்கொங்கில் 2024இல் ஒரு பெரிய நிறுவனத்தின் ஊழியர், வீடியோக் கூட்டத்தில் தன் மேலதிகாரிகளைக் கண்டு நம்பி 20 கோடி ஹொங்கொங் டொலர் அனுப்பினார். கூட்டத்தில் இருந்த மற்ற எல்லா முகமும் செய்த முகம். படித்த ஆளுக்கே அப்படி என்றால் அம்மாவுக்கு எப்படி?

வீட்டுக்கு ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள். பேஸ்புக்கில் எங்கும் எழுதாத சொல். இன்றைக்கே கதைத்து முடிவெடுங்கள்.

2025 ஜனவரி 21

ஒருவர் தங்கள் வீட்டுச் சொல்லை இங்கேயே எழுதியிருந்தார். தயவுசெய்து அழித்துவிட்டு வேறு வையுங்கள்.

2025 பெப்ரவரி 22

நேற்று முன்தினம் ஹபரணைப் பக்கம் ரயில் மோதி ஆறு யானைகள் செத்தன. கோயம்புத்தூருக்குக் கிட்ட மதுக்கரையில் 2024 பெப்ரவரியில் தமிழ்நாட்டு வனத்துறை ஏஐ கமரா ஏற்பாடு ஒன்றைத் தொடங்கியது. 12 கோபுரங்கள், வெப்பத்தைப் பார்க்கும் கமராவும் சாதாரணக் கமராவும். யானை பாதைக்குக் கிட்ட வந்தால் ரயில் ஓட்டுபவருக்கு முன்கூட்டியே தகவல் போகும். இதைத்தான் நான் பயன் என்று சொல்வேன். யாருடைய வேலையும் போகாது, யாருடைய முகமும் களவு போகாது.

தம்பி நெல் முற்றும் காலத்தில் ஒரு மாதம் காவல் கொட்டிலில் படுப்பான். யானை வெடி, ரோர்ச், பிளாஸ்கில் பிளேன்ரீ. விடிய வீட்டுக்கு வரும்போது கண் சிவந்திருக்கும். யானை வருகிறது என்று பத்து நிமிடம் முன்னுக்குச் சொல்ல ஒன்று இருந்தால் அவன் நித்திரை கொள்வான். யானையும் வெடி படாமல் போகும்.

2025 மார்ச் 2

தமிழ் பற்றி. பரப்பு எங்கள் பக்கத்துக் காணி அளவு. ஒரு ஏக்கருக்கு எத்தனை பரப்பு என்று ஏஐயிடம் கேட்டேன். பரப்பு என்றால் பரப்பளவு என்று விளங்கிக்கொண்டு சதுர அடிக் கணக்குத் தந்தது. பதினாறு பரப்பு என்று நான் சொன்ன பிறகு, ஆம், நீங்கள் சொல்வது சரி என்றது. பதினெட்டு என்று சொல்லியிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருக்குமோ என்று யோசனை வந்தது. சோதித்தேன். சொன்னது.

இதைச் சின்ன விடயம் என்று விடாதீர்கள். 2018 மார்ச்சில் கண்டிக்குக் கிட்ட திகனையில் முஸ்லிம்களுக்கு எதிராக வன்முறை நடந்தபோது வெறுப்புப் பதிவுகள் சிங்களத்தில் பேஸ்புக்கில் ஓடின. அந்த மொழி தெரிந்து பார்த்து நிறுத்த பேஸ்புக்காரரிடம் போதிய ஆளும் இல்லை, மெசினும் இல்லை. 2020இல் மன்னிப்புக் கேட்டார்கள். உங்கள் மொழி தெரியாத ஒன்று உங்கள் ஊருக்குள் வந்தால் நடப்பது இதுதான்.

2025 மார்ச் 16

படம் பற்றி எழுத வேண்டும் என்று மூன்று மாதமாக நினைத்துத் தள்ளிப்போட்டேன்.

எங்கள் பக்கத்தில் படம் என்றால் என்ன என்று வெளியில் இருப்பவர்களுக்கு விளங்காது. வீடு போனது, அல்பம் போனது. பதுங்குகுழிக்குள் பொலித்தீனில் சுற்றி வைத்து, நடந்து நடந்து, மார்புக்குள் வைத்து, முகாமுக்குள்ளும் காத்து, மிஞ்சிய ஒன்றிரண்டுதான். தண்ணீர் ஊறி, ஒன்றோடொன்று ஒட்டி, உரித்தால் முகத்தின் பாதி மற்றப் படத்தோடு போய்விடும்.

அப்படி ஒன்றைத்தான் ஒரு அம்மா கொண்டுவந்தார். கோயில் திருவிழாவில் எடுத்த படம். மகனுக்கு அப்போது பத்தொன்பது. இடப் பக்க நெற்றியில் இருந்து கன்னம் வரைக்கும் வெள்ளையாக உரிந்திருந்தது. வேறு படம் இல்லை. போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு மகனும் இல்லை.

நான் ஸ்கேன் பண்ணி, ஏஐயில் போட்டேன். பத்து விநாடி. முழு முகம் வந்தது. கண் தெளிவாக, தோல் வழுவழுப்பாக, நேற்று எடுத்த படம் மாதிரி. எனக்கு உடம்பு சிலிர்த்தது. திரையைத் திருப்பிக் காட்டினேன்.

அம்மா கிட்ட வந்து பார்த்தார். கை விரலைத் திரையில் வைத்தார். இடப் பக்கப் புருவத்தை மெல்லத் தடவினார். கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு சொன்னார்: "வடிவாத்தான் இருக்கு பிள்ளை. ஆனா இது என்ரை பிள்ளை இல்லை."

சின்ன வயதில் சைக்கிளால் விழுந்து அந்தப் புருவத்தில் வெட்டுக் காயமாம். மயிர் முளைக்காத ஒரு கோடு. உரிந்துபோன பகுதிக்குள்தான் அது இருந்தது. ஏஐக்கு எப்படித் தெரியும்? பொதுவாக ஒரு புருவம் எப்படி இருக்குமோ அப்படி ஒன்றை வைத்துவிட்டது. தெரியாத இடத்தை வெறுமையாக விடத் தெரியாது அதற்கு.

அன்றைக்குப் பின்னேரம் முழுக்க மினக்கெட்டு, கறையை மட்டும் கையால் எடுத்தேன். உரிந்த இடத்தை உரிந்தபடியே விட்டேன். அம்மா அதைத்தான் வாங்கிக்கொண்டு போனார்.

2025 மார்ச் 18

வேறொரு அம்மா வந்து, ஏஐ செய்த முகமே வேண்டும், மாலை போட்டு வைக்கப் போகிறேன் என்றார். கொடுத்தேன். அவருக்கு எது ஆறுதல் என்று நான் எப்படிச் சொல்வது? பின்பக்கத்தில் மட்டும், இன்ன பகுதி ஏஐயால் நிரப்பப்பட்டது என்று பேனாவால் எழுதி, திகதியும் போட்டேன். மூலப் படத்தையும் உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆனால் ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தொடர் போராட்டம் நடத்தி வருகிறார்கள். அந்தப் படங்கள் சாட்சி. முறைப்பாட்டுக் கோவைக்குள் ஏஐ நிரப்பிய முகம் ஒன்று போனால், நாளைக்கு ஒருவன் எழும்பி எல்லாப் படமும் செய்த படம் என்பான். கோவைக்கு என்று கேட்டால் உரிந்த படத்தை உரிந்தபடிதான் பிரதி எடுப்பேன். மற்றக் கடைக்காரரும் அப்படிச் செய்ய வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

2025 ஏப்ரல் 6

"அதிகாரிமார் ஆள் பார்த்துச் செய்கிறார்கள், கொம்பியூட்டர் தெரிவு செய்தால் நீதியாக இருக்கும்." இந்தக் கருத்து நாலைந்து தரம் வந்துவிட்டது. அந்த ஏக்கம் எனக்கும் இருக்கிறது. ஆனால் நெதர்லாந்தில் நடந்ததைக் கேளுங்கள். பிள்ளைப் பராமரிப்புக் கொடுப்பனவில் யார் மோசடி செய்யக்கூடும் என்று வரித் திணைக்களத்தின் கணினி முறை புள்ளி போட்டது. அந்நாட்டுக் குடியுரிமை இல்லாதவர்களுக்குச் சந்தேகப் புள்ளி கூடியது. அந்தப் பெரும் விவகாரத்தில் பல்லாயிரம் குடும்பங்கள் செய்யாத குற்றத்துக்குக் காசைத் திருப்பிக் கட்டச் சொல்லப்பட்டு, கடனில் மூழ்கின. 2021 ஜனவரியில் அரசாங்கமே பதவி விலகியது.

என் பக்கத்து வீட்டு அக்கா தனி ஆள். ஒரு உதவிக் கொடுப்பனவுப் பட்டியலில் அவர் பெயர் விழவில்லை. வீட்டுக்குக் கல் சுவர், ஓட்டுக் கூரை என்று படிவத்தில் பதிந்திருந்தது. அந்த வீடு வீடமைப்புத் திட்டத்தில் கிடைத்தது. அடுப்பில் என்ன இருக்கிறது என்று படிவத்தில் கேள்வி இல்லை. மேன்முறையீடு எழுதிக் கொடுத்தேன், ஏஐதான் வசனத்தைத் திருத்தித் தந்தது, நல்ல கடிதம். ஆனால் அந்தக் கடிதத்தை வாசித்து, வந்து பார்த்து, பிழை என்று சொல்ல அதிகாரமுள்ள ஒரு ஆள் வேண்டும்.

2025 ஏப்ரல் 8

கண் பரிசோதனை பற்றிக் கேட்டவருக்கு: நீரிழிவால் விழித்திரை கெடுவதை ஏஐ படம் பார்த்துச் சொல்லும் என்று கூகுள் 2016இல் காட்டியது. மதுரை அரவிந்த் மருத்துவமனையும் அதில் பங்கு. பிறகு தாய்லாந்துச் சிகிச்சை நிலையங்களில் பாவித்தபோது ஐந்தில் ஒரு படத்துக்கு மேல் தெளிவில்லை என்று தள்ளிவிட்டது. அறை வெளிச்சம் சரியில்லை. கரண்ட் நின்று நின்று வரும் எங்கள் இடங்களுக்கு இதைக் கொண்டுவருகிறவர்கள் முதலில் அறையைப் பார்க்கட்டும். வந்தால் நான் வரவேற்பேன். என் அம்மாவுக்கு ஒரு கண் போனது நீரிழிவால், பிந்திக் காட்டியதால்.

2025 மே 11

விசுவமடு வாசகருக்கு, உங்கள் கேள்விக்கே வருகிறேன். பிள்ளைகள்.

என் மகள் சாதாரண தரப் பரீட்சை எடுக்கப் போகிறாள். வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் பற்றிக் கட்டுரை. ஏஐ அழகாக எழுதித் தந்தது. 1803 ஒக்டோபர் 31 கற்சிலைமடுவில் வீரமரணம் என்று. அங்கே நின்ற நினைவுக்கல்லின் பழைய படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. எடுத்துக் காட்டினேன். பிரித்தானியப் படையின் கப்டன் ட்ரிபேர்க் அந்தத் திகதியில் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்றுதான் அதில் வெட்டியிருக்கிறது. செத்தார் என்று இல்லை. மகள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப இது ஏன் செத்தார் என்று சொன்னது?" என்றாள். நான் அந்த உரிந்த படத்தின் கதையைச் சொன்னேன்.

தடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். வாத்தியாரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: ஏஐ பிழையாகச் சொன்ன ஒன்றைப் பிள்ளைகளோடு சேர்ந்து பிடித்துக் காட்டினாரா என்று.

2025 மே 24

தருமபுரத்து ஐயா இன்றைக்கு வந்தார். காணி அலுவல் முடியவில்லை, இன்னொரு கடிதம். நான் படம் எடுத்துப் போட்டு, வந்த தமிழை வாசித்துக் கொண்டிருந்தேன். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, திரைக்குக் கிட்டக் குனிந்து கேட்டார்:

"பிள்ளை, இது உள்ளுக்கோ, பிறகோ? வவுனியாத் தம்பிக்கும் ஒருக்கா அனுப்பிப் பார்."